கம்பிகளை அகற்றிய மனிதர்: கார்ல் ஹாகன்பெக்

மிருகக்காட்சிச்சாலைக்குப் போகாத மாணவிகள் எமது கல்லூரியில் மிகக் குறைவாகவே இருப்பார்கள். ஆரம்பப் பிரிவில் கல்விச் சுற்றுலா என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது தெஹிவளைதான். சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலுமாக விடியற்காலையில் பஸ்ஸில் ஏறி, யானையையும் சிங்கத்தையும் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதியிருப்போம். ஆனால் அந்த விலங்குகள் எங்கிருந்து, யாரால் கொண்டு வரப்பட்டன என்று நாம் கேட்டதில்லை. சில இடங்களில் சிங்கத்துக்கும் நமக்கும் இடையில் கம்பிகள் இல்லாமல் ஓர் அகழி மட்டும் இருப்பது ஏன் என்றும் யோசித்ததில்லை.

இன்று உலகில் புகழ்பெற்ற மிருகக்காட்சிச்சாலைகள் பலவற்றில் விலங்குகள் திறந்த வெளியில் உலாவுகின்றன. இந்த மாற்றத்தை உலகுக்குச் செய்து காட்டியவர் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரைச் சேர்ந்த கார்ல் ஹாகன்பெக். அவரைப் பாராட்டி எழுதலாம் என்ற எண்ணத்துடன்தான் நான் அவருடைய வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கினேன். வாசித்து முடித்தபோது பாராட்டுவதோடு மட்டும் நிறுத்த முடியவில்லை. அதற்கான காரணத்தை இந்தக் கட்டுரையை வாசிக்கும் நீங்களும் அறிந்துகொள்வீர்கள்.

மீன் வியாபாரியின் மகன்

கார்ல் ஹாகன்பெக் 1844ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் திகதி ஹம்பேர்க்கில் பிறந்தார். துறைமுகத்தை அண்டிய சென்ட் பவுலி என்ற பகுதியில் அவருடைய தந்தை மீன் வியாபாரம் செய்து வந்தார். 1848ஆம் ஆண்டு, கார்லுக்கு நான்கு வயதாக இருந்தபோது, தந்தைக்கு மீன் கொடுக்கும் மீனவர்களின் வலையில் ஆறு கடல்நாய்கள் சிக்கின. அவற்றை என்ன செய்வது என்று மீனவர்களுக்குத் தெரியவில்லை. தந்தையோ பெரிய மரத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, அவற்றை அதில் விட்டு, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டினார். கூட்டம் திரண்டது. ஒரு மீன் கடையின் வாசலில் வைத்த அந்தத் தொட்டிகளில் இருந்துதான் ஹாகன்பெக் குடும்பத்தின் விலங்கு வியாபாரம் ஆரம்பமானது.

கார்லுக்குப் பாடசாலைக் கல்வி அதிகம் கிடைக்கவில்லை. வருடத்தில் சுமார் மூன்று மாதங்களே அவர் பாடசாலைக்குப் போனார். மீதி நாட்களில் தந்தையின் கடையில் மீன்களைத் தரம் பிரிப்பதும் விலங்குகளுக்குத் தீனி போடுவதுமே அவருடைய வேலை. பதினைந்து வயதானபோது, மீன் வியாபாரமா விலங்கு வியாபாரமா என்று தெரிவு செய்யும்படி தந்தை கேட்டார். அவர் விலங்குகளையே தெரிவு செய்தார். 1866ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதில், முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது.

காட்டிலிருந்து வந்த சரக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அது. ஐரோப்பாவில் நகரத்துக்கு நகரம் மிருகக்காட்சிச்சாலைகள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. சர்க்கஸ் கம்பனிகளும் பெருகின. எல்லோருக்கும் விலங்குகள் தேவைப்பட்டன. கார்ல் அந்தத் தேவையைச் சரியாகப் புரிந்துகொண்டார். ஆபிரிக்காவில் விலங்கு பிடிப்பவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அவர்களில் முக்கியமானவர் சூடான் பகுதியில் இருந்து விலங்குகளை அனுப்பிய லொரென்ஸோ கஸனோவா.

1870ஆம் ஆண்டு கஸனோவா பெரிய விலங்குக் கூட்டம் ஒன்றுடன் எகிப்தின் சுயெஸ் நகருக்கு வந்து சேர்ந்தார். ஆனால் கடும் நோயினால் அவரால் அதற்கு மேல் பயணம் செய்ய முடியவில்லை. கார்ல் நேரில் அங்கு விரைந்தார். யானைகள், ஒட்டகச்சிவிங்கிகள், சிங்கங்கள், தீக்கோழிகள் என அத்தனையையும் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி ஹம்பேர்க் வரை கொண்டு வந்தார். குட்டிகளுக்குப் பால் கொடுப்பதற்காக ஒரு மந்தை ஆடுகளும் கூடவே பயணம் செய்தன. கஸனோவாவோ வீடு திரும்பாமல் அலெக்ஸாந்திரியாவிலேயே இறந்துபோனார்.

இந்தப் பயணத்தால் கார்லின் பெயர் எங்கும் பரவியது. 1872ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரபல சர்க்கஸ் உரிமையாளர் பி.ரி. பார்னம் அவருடைய வாடிக்கையாளரானார். உலகின் மிகப் பெரிய விலங்கு வியாபாரிகளில் ஒருவர் என்ற இடத்துக்குக் கார்ல் உயர்ந்தார்.

இந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த செலவையும் சொல்ல வேண்டும். பருவமடைந்த யானையையோ காண்டாமிருகத்தையோ உயிரோடு பிடித்துப் பல மாதங்கள் நடத்திக் கொண்டு வருவது எளிதல்ல. எனவே குட்டிகளையே பிடித்தார்கள். குட்டியைப் பாதுகாக்க வரும் தாயைப் பல சமயங்களில் கொன்றார்கள். பிடிபட்ட குட்டிகளிலும் பல பாலைவனத்திலும் கப்பலிலும் மடிந்தன. ஐரோப்பியக் குழந்தைகள் கைதட்டி ரசித்த ஒவ்வொரு யானைக் குட்டிக்கும் பின்னால், காட்டில் யாரும் பார்க்காத மரணங்கள் இருந்தன.

மனிதர்களும் காட்சிப்பொருளானார்கள்

1870களின் நடுப்பகுதியில் விலங்கு வியாபாரம் சற்றுச் சரிந்தது. அப்போது பனிமான்களைக் கொண்டு வரத் திட்டமிட்டிருந்த கார்லுக்கு, ஓவியரான நண்பர் ஹைன்றிச் லொய்ட்டமன் ஓர் யோசனை சொன்னார். பனிமான்களோடு, அவற்றை மேய்க்கும் சாமி இன மக்களையும் அழைத்து வந்தால் என்ன என்பதே அது. 1875ஆம் ஆண்டு வடதுருவத்தை அண்டிய நாட்டில் இருந்து ஒரு சாமி குடும்பத்தினர் ஹம்பேர்க்குக்கு வந்தார்கள். கார்லின் முற்றத்தில் கூடாரம் அடித்து, மான்களில் பால் கறந்து, குழந்தைக்குப் பாலூட்டி, வழமைபோல வாழ்ந்தார்கள். அதைப் பார்க்க மக்கள் பணம் கொடுத்து வந்தார்கள்.

அதன் பின்னர் இந்த வியாபாரம் வளர்ந்தது. நூபியர்கள் வந்தார்கள். கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் வந்தார்கள். இவர்கள் அடிமைகளாகப் பிடிக்கப்படவில்லை, சம்பளத்துக்கே வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் காட்டப்பட்டது பெரும்பாலும் மிருகக்காட்சிச்சாலைகளிலும் விலங்குகளின் பக்கத்திலும்தான் என்பதும் உண்மை.

1880ஆம் ஆண்டு நடந்தது மறக்க முடியாதது. கனடாவின் லாப்ரடோர் கரையில் இருந்து எட்டு இனுயிட் மக்களைக் கார்லின் முகவர் ஜேக்கப்சன் ஹம்பேர்க்குக்கு அழைத்து வந்தார். அவர்களில் ஒருவர் ஆப்ரஹாம். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், வயலின் வாசிக்கக் கூடியவர், கிறிஸ்தவ மிஷன் கிராமத்தில் வாழ்ந்தவர். தமது கடனை அடைப்பதற்காகவே மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தப் பயணத்துக்குச் சம்மதித்தார். போக வேண்டாம் என்று மிஷனரிமார் தடுத்தும் அவர் கேட்கவில்லை.

ஐரோப்பாவுக்கு வந்தவர்களுக்கு முதலில் போட வேண்டிய பெரியம்மைத் தடுப்பூசி போடப்படவில்லை. டிசம்பர் மாதம் முதல் மரணம் நிகழ்ந்தது. அடுத்து ஆப்ரஹாமின் மூத்த மகள் சாரா நோயுற்றாள். ஜேர்மனியின் கிறேபெல்ட் நகர வைத்தியசாலையில் அவளை உயிரோடு விட்டுவிட்டுப் பெற்றோர் பாரிஸுக்குப் பயணமாக வேண்டியிருந்தது. காட்சி அங்கே நிச்சயிக்கப்பட்டிருந்தது. சாரா அந்த வைத்தியசாலையிலேயே இறந்தாள். பாரிஸில் மற்றவர்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. 1881 ஜனவரி நடுப்பகுதிக்குள் எட்டுப் பேரும் இறந்து முடிந்திருந்தார்கள். ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

இதை நாம் இன்று அறிவதற்கு ஆப்ரஹாமே காரணம். அவர் தமது தாய்மொழியில் ஒரு நாட்குறிப்பு எழுதி வந்தார். கூட்டத்தின் நெரிசலையும், சத்தத்தையும், ஊர் நினைவையும், தம்மவர் ஒருவர் நாய்ச் சவுக்கால் அடிக்கப்பட்டதையும் அதில் பதிந்து வைத்தார். அதன் ஜேர்மன் மொழிபெயர்ப்பு பாதுகாக்கப்பட்டு, நூறு வருடங்களுக்குப் பின்னர் ஆய்வாளர்களின் கைக்குக் கிடைத்தது. பாரிஸில் இறந்த ஐவரின் எலும்புக்கூடுகள் அந்நகர நூதனசாலை ஒன்றில் வைக்கப்பட்டிருந்தமையும் எமது நூற்றாண்டிலேயே தெரிய வந்தது. காட்சிப்பொருளாகப் பார்க்கப்பட்டவர் தம்மைப் பார்த்தவர்களையும் கவனித்து எழுதியிருக்கிறார் என்பதை வாசித்தபோது என் மனம் கனத்தது.

இந்த மரணங்கள் கார்லைப் பாதித்தன. இந்த வியாபாரத்தைக் கைவிடவும் அவர் எண்ணினார். ஆனால் கைவிடவில்லை. அதே 1881ஆம் ஆண்டிலேயே தென் அமெரிக்காவின் தென்கோடித் தீவுகளைச் சேர்ந்த பதினொரு பேர் அவருடைய காட்சியில் ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களிலும் பலர் நோயால் இறந்தார்கள்.

எமது நாட்டவரும் போனார்கள்

இந்தக் கதை எங்கோ தூரத்தில் நடந்தது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அன்றைய சிலோனில் இருந்தும் கார்ல் மக்களை அழைத்துச் சென்றார். 1884ஆம் ஆண்டு அவர் நடத்திய பெரிய இலங்கைக் காட்சியில் 67 பேரும் 25 யானைகளும் பல இன மாடுகளும் இருந்தன. யானை ஊர்வலத்தையும் நடனங்களையும் பார்க்க ஐரோப்பாவில் பெருங்கூட்டம் கூடியது. யானைகளையும் மாடுகளையும் எண்ணியது போலவே மனிதர்களையும் எண்ணிக்கையாகவே அந்தக் கணக்கு சொல்கிறது.

கார்லின் தந்தைவழிச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் பின்னர் இலங்கையிலேயே குடியேறி, தோட்ட உரிமையாளராகவும் விலங்கு வியாபாரியாகவும் வாழ்ந்தார். 1920களின் கடைசியில் தெஹிவளையில் அவர் ஆரம்பித்த விலங்குச் சேகரிப்பை 1936ஆம் ஆண்டு அரசாங்கம் பொறுப்பேற்றது. நாம் சுற்றுலா போகும் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை அப்படித்தான் பிறந்தது. ஹம்பேர்க் மீன் கடையின் தொட்டிகளுக்கும் நமது பாடசாலைச் சுற்றுலாவுக்கும் இடையே இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கிறது.

சவுக்கை விட்ட பயிற்சி

இதே மனிதர் விலங்குகள் விடயத்தில் காட்டிய கனிவு வியப்பைத் தருகிறது. அக்காலத்தில் சர்க்கஸ் விலங்குகளைச் சவுக்காலும் தடியாலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பாலும் பயமுறுத்தியே பழக்கினார்கள். சிங்கம் பாய்வதும் மனிதன் அதை விரட்டுவதும்தான் வேடிக்கையாகக் கருதப்பட்டது. கார்ல் இதை வெறுத்தார். மனிதர்களைப் போலவே ஒவ்வொரு விலங்குக்கும் தனித் தனிச் சுபாவம் உண்டு என்பது சிறு வயதில் இருந்தே தீனி போட்டுப் பழகிய அவருக்குத் தெரியும். பயிற்சிக்கு ஏற்ற சுபாவம் உள்ளவற்றைத் தெரிவு செய்து, பொறுமையாகப் பழக்கி, சரியாகச் செய்தால் இறைச்சித் துண்டு கொடுக்கும் முறையை அவர் புகுத்தினார். 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய விலங்குகள் பெரும் புகழ் பெற்றன.

கம்பி இல்லாத தோட்டம்

அக்கால மிருகக்காட்சிச்சாலைகளில் விலங்குகள் ஒடுங்கிய கூண்டுகளில், தடித்த கம்பிகளுக்குப் பின்னால், நான்கு எட்டு முன்னும் நான்கு எட்டு பின்னுமாக நடந்துகொண்டிருக்கும். குளிருக்குப் பயந்து வெப்ப நாட்டு விலங்குகளைச் சூடாக்கிய அறைகளில் பூட்டி வைப்பார்கள். காற்றோட்டமின்றி அவை நோயுறும். அவற்றைத் திறந்த வெளியில் விட்டு, விரும்பும்போது ஒதுங்க ஓர் இடமும் கொடுத்தால் குளிருக்குப் பழகிக்கொள்ளும் என்று கார்ல் நம்பினார்.

அப்படியானால் சிங்கத்தைத் தடுப்பது எது? இதற்கு அவர் கண்ட விடைதான் அகழி. அகழி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை ஊகத்தில் விடாமல் சோதித்துப் பார்த்தார். பாடம் செய்த புறா ஒன்றை உயரத்தில் கட்டி, சிங்கமும் புலியும் சிறுத்தையும் அதைப் பிடிக்க எவ்வளவு உயரம் பாய்கின்றன என்று அளந்தார். எவ்வளவு தூரம் தாவுகின்றன என்றும் பார்த்தார். அந்த அளவுகளைக் கொண்டு, பாய முடியாத அகலத்தில் அகழிகளை அமைக்கத் திட்டமிட்டார். 1896ஆம் ஆண்டு இந்த அமைப்புக்கு உரிமைப் பத்திரமும் பெற்றார்.

1897இல் ஹம்பேர்க்குக்கு வெளியே ஸ்டெலிங்கன் என்ற கிராமத்தில் நிலம் வாங்கினார். சுவிட்சர்லாந்துச் சிற்பி ஊர்ஸ் எகென்ஷ்வீலரைக் கொண்டு கொங்கிரீட்டில் செயற்கை மலைகளைக் கட்டுவித்தார். 1907ஆம் ஆண்டு மே 7ஆம் திகதி பூங்கா திறக்கப்பட்டது.

அதன் அமைப்பை மனக்கண்ணில் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கு முன்னால் ஒரு குளம், அதில் நீர்ப்பறவைகள். அதற்குப் பின்னால் சற்று உயரமான புல்வெளி, அதில் வரிக்குதிரைகளும் மான் இனங்களும். அதற்கும் பின்னால் பாறைகளுக்கிடையே சிங்கங்கள். எல்லாவற்றுக்கும் மேலே மலையில் காட்டு ஆடுகள். ஒவ்வொரு படிக்கும் இடையில் செடிகளாலும் பாறைகளாலும் மறைக்கப்பட்ட அகழியோ தடுப்போ உண்டு. ஆனால் கீழே நிற்பவரின் கண்ணுக்கு அது தெரியாது. மானும் சிங்கமும் ஒரே வெளியில் நிற்பது போலவே தோன்றும். இன்னொரு பக்கத்தில் இதே முறையில் துருவக்கரடிகளும் கடல்நாய்களும் பனிமான்களும் காட்டப்பட்டன.

பழைய மிருகக்காட்சிச்சாலைகளின் பணிப்பாளர்கள் சிலர் இதனை எதிர்த்தார்கள். இது அறிவியல் அல்ல, வெறும் நாடக மேடை என்றார்கள். ஆனால் மக்கள் திரண்டு வந்தார்கள். 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரோம் நகர மிருகக்காட்சிச்சாலையை வடிவமைக்கக் கார்லையே அழைத்தார்கள். பின்னாளில் அமெரிக்காவின் டிட்ரொயிட் மிருகக்காட்சிச்சாலையை அமைக்கும் பணியில் அவருடைய மகன் ஹைன்றிச் ஈடுபட்டார்.

அந்தப் பூங்காவின் பழைய பிரதான வாயில் இன்றும் இருக்கிறது. யானைத் தலைகள், சிங்கங்கள், துருவக்கரடிகள் ஆகிய விலங்குச் சிலைகள் அதை அலங்கரிக்கின்றன. அவற்றின் இடையே ஒரு நூபிய வீரரின் சிலையும் அமெரிக்கப் பழங்குடி வீரர் ஒருவரின் சிலையும் நிற்கின்றன. கார்லின் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு வாயிலில் பார்த்துவிடலாம்.

மறைவும் அதன் பின்னரும்

1913ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, 68ஆவது வயதில், கார்ல் ஹாகன்பெக் காலமானார். மனிதக் காட்சிகளை அவருடைய குடும்பத்தினர் 1930களின் ஆரம்பம் வரை தொடர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் 1943ஆம் ஆண்டு குண்டுவீச்சில் பூங்காவின் பெரும்பகுதி அழிந்தது. ஆனாலும் மீளக் கட்டப்பட்டு இன்றும் இயங்கி வருகிறது.

அவருடைய பணியால் உலகம் பெற்ற நன்மையும் உண்டு. 1901ஆம் ஆண்டு அவருடைய ஆட்கள் மொங்கோலியப் பகுதியில் இருந்து பிரெவால்ஸ்கி என்ற காட்டுக் குதிரை இனத்தின் 28 குட்டிகளை ஹம்பேர்க்குக்குக் கொண்டு வந்தார்கள். 1960களில் அந்த இனம் காட்டில் இல்லாமல் போயிற்று. அக்காலத்தில் பிடிக்கப்பட்ட சில குதிரைகளின் சந்ததியே மிருகக்காட்சிச்சாலைகளில் எஞ்சியிருந்தது. 1992இல் அவை மொங்கோலியாவில் மீண்டும் விடப்பட்டன. வியாபாரத்துக்காகப் பிடிக்கப்பட்டவை ஓர் இனத்தையே காப்பாற்றக் காரணமாயின.

அகழி முறை ஆசியாவுக்கும் வந்தது. 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலை திறந்தவெளி அமைப்புக்குப் பெயர் பெற்றது. அதை அமைக்க ஆலோசகராக அழைக்கப்பட்டவர் எமது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸ். 1994இல் அங்கு திறக்கப்பட்ட இரவு மிருகக்காட்சிச்சாலைக்கும் அவருடைய ஆலோசனை பெறப்பட்டது. ஹாகன்பெக் குடும்பத்தவர் ஆரம்பித்த சேகரிப்பில் இருந்து வளர்ந்த ஒரு நிறுவனத்தின் தலைவர், உலகின் சிறந்த மிருகக்காட்சிச்சாலைகளில் ஒன்றை உருவாக்க உதவியது இலங்கையர் எமக்குப் பெருமை.

கார்ல் ஹாகன்பெக்கை நல்லவர் என்பதா, கெட்டவர் என்பதா? கட்டுரையை எழுதத் தொடங்கியபோது இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கூண்டுக்குள் நடந்துகொண்டிருந்த சிங்கத்தின் துன்பம் அவருக்கு விளங்கியது. கூட்டத்தின் நடுவில் நின்ற ஆப்ரஹாமின் துன்பம் அந்த அளவுக்கு விளங்கவில்லை. அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சொல்லி அவரைத் தப்பவிடவும் என்னால் முடியவில்லை. ஏனெனில் எல்லோரும் கூண்டுதான் சரி என்று நினைத்த காலத்தில், விலங்குகளைப் பற்றி வேறு விதமாக நினைக்க அவரால் முடிந்தது. அந்தத் திறமையை மனிதர்கள் விடயத்தில் அவர் பயன்படுத்தவில்லை என்பதே என்னுடைய முடிவு.

அன்பான சகோதரிகளே, பெற்றோர்களே! அடுத்த முறை தம்பி தங்கைமாரைக் கூட்டிக்கொண்டு மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும்போது, சிங்கத்தைக் காட்டுங்கள், யானையைக் காட்டுங்கள். நடுவில் உள்ள அகழியையும் காட்டி, அதை யோசித்த மீன் வியாபாரியின் மகனைப் பற்றிச் சொல்லுங்கள். வைத்தியசாலையில் தனித்து விடப்பட்ட சாரா என்ற சிறுமியைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.